மரக்கால் கணக்கிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்

வலைப்பக்கம் செய்யப் படிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க வீட்டில் அடிக்கடி போடுகிற கணக்கு எது?" என்பதுதான். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, பாய் முடைகிற கூலிக் கணக்கு என்று ஏதாவது ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, எண்ணை அடித்தால் விடை சொல்கிற ஒரு பக்கம் செய்யலாம் என்பேன். பட்டனை அமுக்கினால் பின்னணி சிவப்பாக மாறுகிற பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதில் தப்பு வந்தாலும் தப்பு என்று தெரிவதில்லை. வீட்டுக் கணக்குக்கோ விடை ஏற்கெனவே தெரியும். பக்கம் வேறு விடை சொன்னால் அந்த நிமிடமே உறுத்தும். புதிதாக நிரல் எழுதுகிறவருக்கு இந்த உறுத்தல் மிகவும் தேவை என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மாலைகளில் சேரன்மகாதேவியில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். பிளஸ் டூ முடித்தவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று கலந்து வருவார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011இல் சோகோ அலுவலகம் வந்த பிறகு, மென்பொருள் வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயே ஆக வேண்டும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆர்வம் நிறைய. ஆனால் வருகிற பாதிப் பேர் எங்கோ பணம் கட்டி, முதல் வாரத்திலேயே, பெரிய வலைப்பக்கங்களைக் கட்ட உதவுகிற ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியைப் படித்து, ஒன்றும் பிடிபடாமல் வந்தவர்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவர்களிடம் குறையே இல்லை. சொல்லிக்கொடுத்த வரிசை தப்பு.

பத்தமடையிலிருந்து வருகிற ஒரு பெண் கொண்டுவந்த கணக்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கணிதம் படிக்கிறாள். கன்னடியன் கால்வாய் பாய்கிற கொஞ்சம் வயல் அவர்கள் வீட்டுக்கு உண்டு. அவளுடைய ஆச்சி நிலத்தை விதைப்பாட்டுக் கணக்கில்தான் சொல்வார். அதாவது, விதைக்க எத்தனை மரக்கால் நெல் வேண்டுமோ அதுதான் வயலின் அளவு. 21 மரக்கால் ஒரு கோட்டை. அவர்கள் வீட்டில் ஒரு மரக்கால் விதைப்பாட்டை 8 சென்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள். பேத்திக்கோ சென்ட், ஏக்கர்தான் புரியும். ஆச்சி "ஒரு கோட்டை அஞ்சு மரக்கால்" என்று சொல்லும்போதெல்லாம் யாராவது வாயால் பெருக்கிச் சொல்ல வேண்டும். ஒரு கோட்டை 21, அதோடு 5, ஆக 26 மரக்கால். எட்டால் பெருக்கினால் 208 சென்ட். 2 ஏக்கர் 8 சென்ட். "இதைப் பண்ணலாமாக்கா?" என்று கேட்டாள். இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது.

இதற்கு எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரில் நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும். போன் மட்டும் இருக்கிறவர்கள் எழுதுவதற்கும் எடிட்டர் செயலிகள் கிடைக்கின்றன. பக்கத்தில் என்னென்ன இருக்கும் என்று எச்டிஎம்எல்லில் எழுதுகிறோம், பட்டனை அமுக்கினால் என்ன நடக்கும் என்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறோம். எழுதிய கோப்பைக் கடைசியில் எச்டிஎம்எல் என்று முடிகிற பெயரில் சேமித்து, இரண்டு முறை கிளிக் செய்தால் பிரவுசரில் திறந்துகொள்ளும். நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ஒன்றே ஒன்று: பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும். அந்த வரியை விட்டால் 'மரக்கால்' என்று எழுதியது கொம்பும் புள்ளியும் வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குவியலாக வந்து நிற்கக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் பக்கம் செய்கிறவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியாது.

ஜாவாஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன், பின்னால் அது தேவைப்படும். 1995 மே மாதம், பிரவுசர் செய்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். அப்போது ஜாவா பிரபலமாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டும் வேறு வேறு மொழிகள். 1997இல் எக்மா அமைப்பு அதற்குத் தரவரையறை வெளியிட்டது. 2015இல் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். மாறியை, அதாவது ஒரு மதிப்பைப் பெயர் வைத்துச் சேமிக்கிற இடத்தை, உண்டாக்கப் பழைய பாடங்களில் 'வார்' என்று இருக்கும் இடத்தில் இப்போது நாம் 'லெட்', 'கான்ஸ்ட்' எழுதுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம். ஆனால் பழையது எதையும் அவ்வளவு சுலபமாகத் தூக்கி எறிய முடியாது. எறிந்தால் உலகம் முழுக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்கள் நின்றுபோகும். அதனால் தொடக்க கால அவசரத்தின் சில குணங்கள் இன்றைக்கும் அந்த மொழியில் அப்படியே இருக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் நடக்க வேண்டியதைத் தமிழில் எழுதச் சொல்வேன். அவள் எழுதியது இது: "பட்டனை அமுக்கும்வரை காத்திரு. அமுக்கியதும் இரண்டு பெட்டியிலும் இருக்கிற எண்ணை எடு. கோட்டையை 21ஆல் பெருக்கி மரக்காலோடு கூட்டு. எட்டால் பெருக்கு. விடையைக் கீழே காட்டு." காத்திருப்பது, எடுப்பது, கணக்கிடுவது, காட்டுவது. நம் கைக்கு ஏற்ப மாறுகிற பக்கங்கள் எல்லாவற்றிலும், ரயில் டிக்கெட் எடுக்கிற பக்கம் உட்பட, இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. எடுப்பதும் காட்டுவதும் அங்கே தொலைவில் இருக்கிற சர்வரோடு சேர்ந்து நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எச்டிஎம்எல்லில் இரண்டு பெட்டி, ஒரு பட்டன், விடை வர ஒரு காலி இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி, அதாவது பெயர். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் பெட்டியைப் பிடிக்க வேண்டும். கெட்-எலிமென்ட்-பை-ஐடி என்று நீளமாக ஒரு கட்டளை. ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் கடைசியில் ஐ பெரிய எழுத்து, டி சின்ன எழுத்து. இரண்டையும் பெரிதாக அடித்தால் அப்படி ஒரு ஃபங்ஷனே, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலையே, இல்லை என்று சொல்லிவிடும். முதல் நாளில் இந்த டி பலரையும் நிறுத்திவைக்கும்.

அவள் பக்கம் நின்றது வேறு காரணத்தால். பட்டனை அமுக்கினாள், ஒன்றுமே நடக்கவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அது வேண்டாம். எஃப்12 அமுக்கினால் பிரவுசருக்குள்ளேயே கன்சோல் என்று ஓர் இடம் திறக்கும். என்ன கோளாறு, எந்த வரியில் என்று அங்கே சிவப்பில் எழுதியிருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் புதியவர்கள் சந்திக்கிற செய்திகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அதே வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரம் பார்த்தால் பழகிவிடும். அன்றைக்கு 'நல்' என்று ஒன்றைப் பற்றிச் சொல்லியிருந்தது. தேடிய பொருள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. அவள் ஸ்கிரிப்டை, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய பகுதியை, மேலேயே, தலைப்பகுதியில் வைத்திருந்தாள். அது ஓடிய நேரத்தில் கீழே இருக்கிற பட்டன் இன்னும் பிறக்கவே இல்லை. இல்லாத பட்டனை எப்படிப் பிடிப்பது? ஸ்கிரிப்டைப் பக்கத்தின் கடைசிக்குக் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. ஸ்கிரிப்ட் தனிக் கோப்பாக இருந்தால் 'டிஃபர்' என்று ஒரு சொல் சேர்த்தாலும் போதும், பக்கம் முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்கும்.

அடுத்து, காத்திரு என்பதை எழுத வேண்டும். ஆட்-ஈவென்ட்-லிசனர் என்ற கட்டளையிடம், எந்த நிகழ்வு, அது நடந்தால் எந்த ஃபங்ஷன் என்று இரண்டு சேதி கொடுக்கிறோம். இங்கே ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் பிறை அடைப்புக்குறி போட்டால் அந்த நொடியே அது ஓடி முடிந்துவிடும். பிறகு பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. ஆட்டோக்காரர் நம்பரைத் தாளில் குறித்து ஒருவரிடம் கொடுப்பதும், நாமே அந்த நம்பருக்கு இப்போதே கூப்பிடுவதும் வேறு வேறு இல்லையா? அடைப்புக்குறி போடுவது கூப்பிடுவது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வருகிற எத்தனையோ புதிர்கள் அவிழும் என்பதால், இதற்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் நான் அவசரப்படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளையும் பட்டனையும் ஃபார்ம் என்கிற டேகுக்குள், அதாவது எச்டிஎம்எல் குறிக்குள், போட்டிருந்தால், பட்டனை அமுக்கியதும் விடை மின்னல் மாதிரி வந்து மறையும். ஃபார்முக்குள் இருக்கிற பட்டனின் இயல்பான வேலை, படிவத்தை அனுப்பிவிட்டுப் பக்கத்தைப் புதிதாகத் திறப்பது. அதைத் தடுக்க, இது வெறும் பட்டன் என்று அதன் டைப்பில் சொன்னால் போதும்.

இப்போது பட்டன் வேலை செய்தது. அவள் கோட்டையில் 1, மரக்காலில் 5 அடித்து அமுக்கினாள். 17 ஏக்கர் 20 சென்ட் என்று வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "இவ்வளவு இருந்தா நான் ஏங்க்கா இங்க வந்து படிக்கப் போறேன்?" ஆனால் பாருங்கள், இதே பிழை அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு கணக்கில் வந்திருந்தால் விடை சரி என்று எடுத்துக்கொண்டு போயிருப்பாள். 2 ஏக்கர் 8 சென்ட் என்று ஏற்கெனவே தெரிந்ததால்தான் நின்றோம்.

எங்கே தப்பு? பெட்டியிலிருந்து எடுப்பது எப்போதுமே எழுத்துச் சரம்தான். எண்ணுக்கான பெட்டி என்று டைப்பில் சொல்லியிருந்தாலும் அதன் வேல்யூ எழுத்தாகத்தான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் இந்த இடத்தில் பேசாமல் சமாளித்துக்கொள்ளப் பார்க்கிறது. பெருக்கல் குறியைப் பார்த்தால், எழுத்தாக இருக்கிற 1ஐ எண்ணாக மாற்றிக்கொண்டு 21ஆல் பெருக்கி 21 என்கிறது. அதுவரை சரி. அடுத்து வருகிறது கூட்டல் குறி. அதற்கு இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், எழுத்துகளை ஒட்டும். இரண்டு பக்கத்தில் ஒன்று எழுத்தாக இருந்தாலும் ஒட்டிவிடும். 21ஓடு எழுத்து 5 ஒட்டி 215 ஆனது. 215ஐ எட்டால் பெருக்கும்போது மறுபடி எண்ணாக மாறி 1720 சென்ட். அதுதான் 17 ஏக்கர் 20 சென்ட். கன்சோலில் சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை. மொழியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

தீர்வு ஒரே சொல்தான்: பெட்டியிலிருந்து எடுத்த உடனே நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிவிடுவது. காலிப் பெட்டியை அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், நமக்கு அது வசதி. 'அஞ்சு' என்று எழுத்தால் அடித்தால் 'நான்' என்று தரும். 'எண் அல்ல' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். ௫ என்று தமிழ் எண் அடித்தாலும் அதே கதிதான். அப்படி வந்தால் "எண்ணை மட்டும் அடிக்கவும்" என்று காட்ட ஓர் இஃப், அதாவது 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற கட்டளை, வேண்டும். இப்படித்தான் இஃப் வந்தது. 'இன்றைக்கு இஃப் பாடம்' என்று நான் தனியாக எடுக்கவில்லை. ஏக்கரையும் சென்டையும் பிரிக்க, 208ஐ நூறால் வகுத்து வருகிற முழு எண்ணும் மீதியும் தேவைப்பட்டன. மீதிக்கு ஒரு குறி இருக்கிறது, சதவீதக் குறி மாதிரியே இருக்கும். அதுவும் தேவை வந்த இடத்தில் வந்து சேர்ந்தது. எட்டு என்பதை மட்டும் நிரலுக்குள் அங்கங்கே எழுதாமல், மேலே ஒரு கான்ஸ்ட்டில் வைக்கச் சொன்னேன். மரக்காலுக்கு எத்தனை சென்ட் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்காது. அடுத்த ஊர்க்காரர் கேட்டால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

மாறிகளுக்குப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்றதும் அவளுக்கு நம்பவே முடியவில்லை. கோட்டை, மரக்கால், சென்ட் என்று தமிழ் எழுத்திலேயே எழுதினால் பிரவுசர் அப்படியே ஏற்றுக்கொள்ளும். யூனிகோடு எழுத்துகளை மொழியின் வரையறையே அனுமதிக்கிறது. கம்பெனி வேலையில் ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டியிருக்கும், அது வேறு. கற்கிற காலத்தில், எது மொழிக்குச் சொந்தமான சொல், எது நாம் வைத்த பெயர் என்று கண்ணிலேயே பிரிந்து தெரிவது பெரிய உதவி. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. 'கோ' என்பதில் வருகிற ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்டுக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் இன்னொருவிதமாகவும் 'கோட்டை' இருந்தால், அப்படி ஒரு மாறி இல்லை என்று கன்சோல் சொல்லும். இரண்டு பேர் வேறு வேறு கீபோர்டில் அடித்ததை ஒட்டி எழுதுகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பட்டனே வேண்டாம், அடிக்க அடிக்க விடை மாறட்டும் என்று அடுத்த வாரம் கேட்டாள். 'கிளிக்' என்று இருந்ததை 'இன்புட்' என்று மாற்றி, அதைப் பெட்டிகளின் மேல் வைத்தோம். ஒவ்வோர் எழுத்துக்கும் விடை மாறியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காசு கொடுத்து வாங்கிய செயலிகளில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம்தான் உண்மையான பாடம் தொடங்கியது. ஒரு வயல் போதாது. ஆற்றங்கரைப் பத்தில் இருக்கிற வயல் தனி, குளத்துக்குக் கீழே ஒன்று தனி, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஆச்சிக்குத் தெரிய வேண்டும். சேர் என்ற பட்டனை அமுக்கினால் வயல் கீழே ஒரு வரியாகச் சேர வேண்டும், மொத்தம் மாற வேண்டும். இங்கே எல்லாரும் செய்ய நினைப்பது, திரையில் இருக்கிற பழைய மொத்தத்தைப் படித்து, புதியதைக் கூட்டி, மறுபடி எழுதுவது. ஓடும். ஆனால் ஒரு வயலை நீக்க வேண்டும் என்று வந்தால் தடுமாறும், இரண்டு வயலைத் திருத்த வேண்டும் என்றால் கணக்கு எங்கே போகிறது என்றே தெரியாது. அதனால் வயல்களை நிரலுக்குள் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்தாலும் நீக்கினாலும் பட்டியலை மட்டும் மாற்று. பிறகு பட்டியலைப் பார்த்துத் திரையை முழுக்கப் புதிதாக வரைகிற ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடு. வயலின் பெயரைக் காட்டும்போது வெறும் எழுத்தாகவே காட்டுகிற டெக்ஸ்ட்-கன்டென்ட் வழியாகவே காட்டு. எழுதியதை எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்கிற இன்னர்-எச்டிஎம்எல் வழியாகப் போட்டால், யாராவது பெயருக்குப் பதில் டேகை எழுதிப் பக்கத்தையே மாற்றிவிடலாம். இந்தப் பழக்கம் கைக்கு வந்தவர்களுக்கு, ரியாக்ட் எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். அந்தத் தொல்லையை ஒரு முறையாவது கையால் அனுபவிக்காதவர்களுக்கு அதை முதல் வாரத்தில் திணிப்பது சரியில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பட்டியலை லோக்கல் ஸ்டோரேஜ் என்கிற, பிரவுசருக்குள்ளேயே இருக்கிற சேமிப்பிடத்தில் வைத்தால் பிரவுசரை மூடித் திறந்தாலும் அப்படியே இருக்கும். அது அந்தப் போனுக்குள்ளேயேதான் இருக்கும், வெளியே எங்கும் போகாது. நிலக் கணக்கு என்பதால் அவள் அப்பா முதலில் கேட்டது அதைத்தான்.

பக்கத்தை ஆச்சியிடம் காட்டியிருக்கிறாள். ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏட்டி, பட்டாவுல ஹெக்டேர், ஏர்னுல்லா போட்டிருக்கு. அதையும் சொல்லச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். நியாயமான கேள்வி. 1 ஏர் என்பது ஏறக்குறைய 2.471 சென்ட், 100 ஏர் ஒரு ஹெக்டேர். பட்டாவில் இருப்பது சர்வேயில் அளந்த அளவு, விதைப்பாடு வழக்கத்தில் வந்த அளவு, அதனால் இரண்டும் அச்சாகப் பொருந்தாது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டு, வகுத்தலைச் சேர்த்தோம். 208 சென்ட் 84.18 ஏர். குளத்துக்குக் கீழே இருக்கிற 10 மரக்கால், 80 சென்ட், 32.38 ஏர். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்த டூ-ஃபிக்ஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டிருந்தாள். மொத்தம் என்ற இடத்தில் 084.1832.38 என்று வந்தது.

இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. "ஒட்டியிருக்கு" என்று தானே சொல்லிக்கொண்டாள். டூ-ஃபிக்ஸ்ட் தருவதும் எழுத்துச் சரம்தான். பூஜ்யத்தோடு முதல் வயல் ஒட்டி, அதோடு இரண்டாவது ஒட்டியிருக்கிறது. நம்பருக்குள் போட்டால் சரியாகிவிடும் என்று போட்டாள், 116.56 வந்தது. காகிதத்தில் 288 சென்டை நேராக வகுத்துப் பார்த்தாள், 116.55. சுருக்கிய எண்களைக் கூட்டியதால் கடைசி இலக்கம் பிசகியிருக்கிறது. சென்டிலேயே மொத்தம் கூட்டி, திரையில் காட்டுகிற வரியில் மட்டும் வகுத்துச் சுருக்கும்படி மாற்றி எழுதினாள். 1 ஹெக்டேர் 16.55 ஏர் என்று வந்தது. இனி குத்தகை நெல்லுக்கு ஒரு பெட்டி சேர்க்க வேண்டுமாம், கார் பருவத்துக்குத் தனியாக, பிசானப் பருவத்துக்குத் தனியாக.